குடைக்கு இரண்டு ஓட்டு

கலியாணசுந்தரம் பார்க்கிற வேலைக்கு என்ன பெயர் என்று அரசாங்கத்துக்கே சரியாகத் தெரியாது. நியமனக் கடிதத்தில் 'உதவியாளர், படப்பிடிப்புப் பிரிவு' என்று போட்டிருந்தது. வேன் ஓட்டுவது, கேமராவின் முக்காலியைத் தூக்குவது, வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகையைப் பிடித்து நடிப்பவர் முகத்தில் வெயிலைத் திருப்பிவிடுவது, கேமரா ஓடும்போது குரைக்கிற நாயைத் துரத்துவது எல்லாம் அவன்தான். வயது முப்பத்திநான்கு. ஆறு வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட படங்களில் வேலை செய்திருந்தான். எல்லாம் பத்து நிமிடப் படங்கள். கொசுவை ஒழிப்பது எப்படி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது எப்படி, காசநோய்க்காரர் எங்கே துப்ப வேண்டும் என்பது மாதிரி. எந்தப் படத்திலும் அவன் பெயர் வராது. ஒரே ஒரு படத்தில் அவன் முழங்கை ஓரமாக வந்துவிட்டது. அதற்கும் திட்டு வாங்கினான்.

1955 மே மாதம், மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஓட்டுப் போடுவது எப்படி என்று தமிழில் ஒரு படம் எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. இடம் மலாக்கா, காஜா பெராங். வேனில் மூன்று பேர் புறப்பட்டார்கள். டைரக்டர் சங்கரன், கேமராக்காரர் லிம், கலியாணசுந்தரம்.

வழியில் தம்பின் ஊரைத் தாண்டியபோது சங்கரன் கேட்டார்.

"கலியாணம், ஓட்டுச் சீட்டு அச்சடிச்சாச்சுதானே?"

கலியாணசுந்தரம் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலாக்கால அடிச்சுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றான். அதாவது சுத்தமாக மறந்துபோயிருந்தான்.

"நெசமான கட்சி பேரோ சின்னமோ ஒண்ணும் வரக்கூடாது. அப்புறம் எனக்கு வேலை போயிடும். ரெண்டு பேர், ரெண்டு சின்னம். அதுல ஒண்ணு பொம்பளையா இருக்கட்டும். புதுசா இருக்கும்."

மறுநாள் காலை அவன் பசியோடும் கவலையோடும் காஜா பெராங் சாலையில் நடந்துகொண்டிருந்தான். பத்து மணிக்குள் இரண்டு பெயர் கொடுத்தால் மாலைக்குள் சீட்டு அடித்துத் தருவதாக அச்சகத்துக்காரர் சொல்லியிருந்தார். பெயர் கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. எந்தப் பெயரை நினைத்தாலும் அந்தப் பெயரில் ஒரு மாமா இருந்தார்.

கோயிலுக்குப் போகும் சந்து முனையில் பாக்கியலட்சுமி நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங் கெபாயா, நெற்றியில் விபூதி. காஜா பெராங்கின் செட்டி வம்சத்தைச் சேர்ந்தவள். பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களின் வழி. பெயரும் சாமியும் தமிழாகவே நின்றுவிட, பேச்சு மட்டும் எப்போதோ மலாய் ஆகிவிட்டது. ஒரு கையில் அகப்பையும் இன்னொரு கையில் வாழையிலையுமாக அவள் வேலை செய்வதைப் பார்த்தால் இயந்திரம் மாதிரி இருக்கும்.

வரிசையில் கலியாணசுந்தரத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் குடை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"நீங்கதான் படம் புடிக்க வந்தவங்களா?" என்று பெரியவர் கேட்டார். "நான் ஏகாம்பரம். தண்ணீர் இலாகாவுல இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன்."

கலியாணசுந்தரம் குடையைப் பார்த்தான். அகப்பையைப் பார்த்தான். அச்சகத்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதையும் நினைத்துக்கொண்டான்.

"ஐயா, உங்க பேரைப் படத்துல போட்டுக்கலாமா? வேட்பாளர்னு. சும்மா, படத்துக்குத்தான்."

ஏகாம்பரம் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "இனிஷியலோட போடணும்" என்றார்.

பாக்கியலட்சுமியிடம் அவன் மலாயில் கேட்டான். அவள் தலை நிமிரவில்லை. "பேர்தானே, போட்டுக்க அடிக். சம்பல் இன்னும் வேணுமா?" என்று மலாயிலேயே பதில் சொன்னாள். அடிக் என்றால் தம்பி.

இப்படியாக வி. ஏகாம்பரம் குடைச் சின்னத்திலும், பாக்கியலட்சுமி அகப்பைச் சின்னத்திலும் போட்டியில் இறங்கினார்கள்.

படப்பிடிப்பு அதற்கடுத்த நாள், ஊர்ப் பொது மண்டபத்தில். வரிசையில் நிற்க முப்பது பேர் வேண்டும் என்று சங்கரன் சொல்லியிருந்தார். முப்பத்தொரு பேர் வந்தார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பாதி, செட்டிக் குடும்பங்கள் பாதி. எல்லாரும் தீபாவளிக்கு உடுத்துவதுபோல் உடுத்தி வந்திருந்தார்கள். ஏகாம்பரம் குடும்பத்திலிருந்து ஐந்து பேர்: அவர், மனைவி சாரதாம்பாள், மகன், மருமகள் விஜயா, மைத்துனர்.

சங்கரன் நாற்காலிமேல் ஏறி நின்று விளக்கினார். "சீட்டை வாங்குவீங்க. மறைவுக்குள்ள போவீங்க. புடிச்ச சின்னத்துக்கு நேரா பெருக்கல் குறி போடுவீங்க. மடிச்சுப் பெட்டியில போடுவீங்க. யாருக்குப் போட்டீங்கன்னு பெண்டாட்டி புருஷன்கிட்டகூட சொல்ல வேணாம். இது ரகசியம். இதான் படத்துல முக்கியமான விஷயம்." கலியாணசுந்தரம் இதையே மலாயில் திரும்பச் சொன்னான்.

லிம் கேமராவை ஓடவிட்டார். முதல் ஆள் சீட்டை வாங்கினார், மறைவுக்குள் போனார், வெளியே வரவில்லை. பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. லிம்முக்குப் பிலிம் அடி ஒவ்வொன்றும் சொந்தச் சதை மாதிரி. கேமராவை நிறுத்திவிட்டு சங்கரனைப் பார்த்தார். சங்கரன் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். கலியாணசுந்தரம் மறைவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினான்.

"என்னாச்சு அண்ணே?"

"யோசிக்கிறேன்லா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இது நெசத் தேர்தல் இல்ல அண்ணே. சும்மா ஒண்ணு போட்டுட்டு வாங்க."

"சும்மா எப்படிப் போடறது?"

அப்போதுதான் கலியாணசுந்தரத்துக்கு ஒன்று உறைத்தது. அந்த வரிசையில் நின்றவர்களில் பலருக்கு ஜூலையில் வரப்போகிற தேர்தலில் ஓட்டு கிடையாது. சிலருக்குக் குடியுரிமைப் பத்திரம் இல்லை. சிலர் பதிந்துகொள்ளவில்லை. பிறந்து வளர்ந்து வேலை செய்து தலை நரைத்தவர்கள், உங்களுக்கு யார் வேண்டும் என்று ஒருவர் சீட்டை நீட்டிக் கேட்டதை முதல் முறையாகப் பார்க்கிறார்கள். அவனுக்கும் ஓட்டு இல்லை. ஒன்பது வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தவன். பத்திரத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பான். படிவத்தில் நிரந்தர விலாசம் என்று ஒரு கட்டம் இருக்கும். அவன் விலாசம் வேன்.

முப்பத்தொரு பேரும் யோசித்து முடிக்க மதியம் பன்னிரண்டாகிவிட்டது.

அடுத்தது ஓட்டு எண்ணும் காட்சி. தேர்தல் அதிகாரியாக நடிக்க வேண்டிய பள்ளிக்கூட வாத்தியார் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார். சங்கரன் தன்னுடைய கோட்டைக் கழற்றி கலியாணசுந்தரத்தின்மேல் மாட்டினார். கோட்டின் கை நீளம் போதவில்லை. ஆறு வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் முதல் முறையாக முன்னால் வந்து நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பெட்டியைத் திற, சீட்டைக் கொட்டு, எண்ணுற மாதிரி பாவனை பண்ணு, கரும்பலகையில எழுது. குடை பத்தொம்பது, அகப்பை பன்னண்டு. அவ்வளவுதான்" என்றார் சங்கரன்.

கலியாணசுந்தரம் சீட்டுகளைக் கொட்டினான். பாவனை பண்ண அவனுக்கு வராது. அதனால் உண்மையாகவே எண்ணினான். எண்ணி முடித்ததும் இன்னொரு தடவை எண்ணினான். பிறகு சாக்பீஸை எடுத்து, கண்ணை மூடாத குறையாக, 'குடை 19' என்று எழுதினான்.

மண்டபத்தில் சளசளப்பு கிளம்பியது. வரிசையில் முதலில் நின்று ஏழு நிமிடம் யோசித்த ஆள் எழுந்தார்.

"அது எப்படி பத்தொம்பது? நாங்க பாக்க மறுபடி எண்ணுங்க."

"படத்துக்குத்தானே அண்ணே" என்றான் கலியாணசுந்தரம்.

"படம் பாத்து எப்படி ஓட்டுப் போடறதுன்னு ஜனங்க கத்துக்கணும்னு சொன்னீங்க. அதுல பொய்யா எழுதுவீங்களா?"

ஏகாம்பரம் எழுந்து நின்று, பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். "ஜனங்க கேக்கறது நியாயம். எண்ணுங்க தம்பி. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

கலியாணசுந்தரம் எல்லாரும் பார்க்க ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டினான். அகப்பை. அகப்பை. அகப்பை. ஏகாம்பரத்தின் கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முடிவு: அகப்பை முப்பது, குடை ஒன்று.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக் குழாயை இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஏகாம்பரம் ஒரு தடவையாவது மூடியிருந்தார். கட்டணம் கட்டாததற்குச் சட்டப்படிதான் மூடினார், ஆனால் நல்ல வெயில் நாளில் மூடினார். பாக்கியலட்சுமி வீட்டு நாசி லெமாக்கை மண்டபம் முழுக்க அன்றைக்குக் காலையிலும் சாப்பிட்டிருந்தது.

ஏகாம்பரம் கவலைப்பட்டது முப்பதைப் பற்றி அல்ல. அந்த ஒன்றைப் பற்றி.

"நம்ம வூட்ல அஞ்சு பேரு" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆமா" என்றாள் சாரதாம்பாள்.

"ஒரு ஓட்டுதான் விழுந்திருக்கு. அது நான் போட்டது."

"அப்படியா?"

"நீ யாருக்குப் போட்ட?"

சாரதாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "பெண்டாட்டி புருஷன்கிட்டகூட சொல்ல வேணாம்னு அந்த சார் நாற்காலி மேல நின்னு சொன்னாரு. இதான் படத்துல முக்கியமாம்."

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து குடையின் மடிப்புகளை நீவ ஆரம்பித்தார்.

அதற்குள் சங்கரனும் லிம்மும் கரும்பலகை முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்கள். முப்பதுக்கு ஒன்று என்று போட்டுப் படம் காட்டினால், பார்க்கிறவன் யாரோ பெட்டியில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். மேலிடமும் அப்படியே நினைக்கும்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை எடுக்கலாம்" என்று சங்கரன் மறுபடி நாற்காலிமேல் ஏறி அறிவித்தார். "இந்தத் தடவை ஒரு பத்துப் பேர் குடைக்குப் போடுங்க. தயவுபண்ணி."

கலியாணசுந்தரம் மொழிபெயர்த்துச் சொன்னதும் பாக்கியலட்சுமிக்கே கோபம் வந்துவிட்டது. "யாருக்குப் போடணும்னு அரசாங்கம் சொல்லுமா? அப்ப எதுக்கு மறைவு, திரைச்சீலை எல்லாம்?" என்று மலாயில் கேட்டாள். தமிழ்க்காரர்களும் செட்டிகளும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். சங்கரன் நாற்காலியை விட்டு இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தை ஏகாம்பரம் வீணாக்கவில்லை. மண்டபத்து வாசலில் குடையை ஊன்றி நின்று, மக்களுக்கு உரையாற்றினார். மீட்டர் எப்படி ஓடுகிறது, அழுத்தம் என்றால் என்ன, தண்ணீரைச் சிக்கனமாகப் பிடிப்பது எப்படி என்று நாற்பது நிமிடம் பேசினார். அரைமணி தாண்டியபோது அவர் மைத்துனரே கொட்டாவி விட்டார். பாக்கியலட்சுமி பிரச்சாரம் எதுவும் செய்யவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் தினமும் செய்வதுதான்.

கடைசியில் கலியாணசுந்தரம் அவரிடம் போய், "ஐயா, தண்ணி குடிங்க" என்று ஒரு கிளாஸை நீட்டினான். ஏகாம்பரம் வாங்கிக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தார். மற்றவர்கள் இல்லாதபோது அவர் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது.

"தோக்கறது பெருசில்ல தம்பி" என்றார். "ஆபீஸ்ல யாருக்கும் என்னைப் புடிக்காது, அது தெரியும். தெருவுல யாருக்கும் புடிக்காது, அதுவும் தெரியும். வூட்லயாவதுன்னு நெனச்சிட்டேன்."

கலியாணசுந்தரம் காலி கிளாஸை வாங்கிக்கொண்டான். "வேலை அப்படி ஐயா" என்றான்.

மத்தியானம் மறுபடியும் வரிசை நின்றது. இந்தத் தடவை எல்லாருக்கும் பழகிவிட்டதால் சீக்கிரம் நகர்ந்தது. கடைசி ஆளும் போட்டு முடித்ததும், மேசைமேல் ஒரு கட்டுச் சீட்டு மீதி இருந்தது. சீட்டுக் கொடுக்கிறவளாக உட்கார்ந்திருந்த விஜயா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போடலையா அண்ணே?"

"நான் படத்து ஆளு."

"அதான் கோட்டெல்லாம் போட்டு நடிச்சாச்சே. நீங்களும் வரிசைதான்." ஒரு சீட்டை நீட்டினாள்.

லிம் கேமராவில் புது ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். சங்கரன் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் சீட்டை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போனான். பென்சில் நூலில் கட்டித் தொங்கியது. அந்த நூலைக் கட்டியதே அவன்தான். திரைச்சீலையை ஆணியடித்ததும் அவன்தான். ஆனாலும் உள்ளே நின்றபோது சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. ஏழு நிமிடம் யோசித்த மனிதரை அவன் அப்போது மன்னித்தான்.

குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

இரண்டாவது எண்ணிக்கையும் எல்லார் முன்னாலும்தான் நடந்தது. இல்லாவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள். அகப்பை முப்பது. குடை இரண்டு.

சங்கரன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஏகாம்பரம் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"ரெண்டா?" என்றார்.

"ரெண்டு ஐயா."

"சரியா பாத்தீங்களா தம்பி?"

கலியாணசுந்தரம் இரண்டு சீட்டையும் விரித்துக் காட்டினான். ஏகாம்பரம் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்ததற்கப்புறம் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். சாரதாம்பாள் ஒன்றும் புரியாமல் ஒருகணம் விழித்தாள். பிறகு, கெட்டிக்காரப் பெண்மணி, தலையைக் குனிந்துகொண்டு லேசாகச் சிரித்தாள்.

"கேக்கமாட்டேன்" என்றார் ஏகாம்பரம். "ரகசியம்னா ரகசியம்."

கலியாணசுந்தரம் சீட்டுகளை மறுபடி பெட்டிக்குள் போட்டு மூடினான். வாயையும்தான்.

கடைசியில் சங்கரன் முடிவைக் காட்டாமலே படத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார். பெட்டிக்கு அரக்கு வைக்கிறார்கள், படம் முடிந்தது. "ஓட்டுப் போடறதுதானே பாடம், ஜெயிக்கிறதா பாடம்?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இதனால் கலியாணசுந்தரம் கோட்டுப் போட்டு நடித்த காட்சி முழுவதும் கத்தரிக்கப்பட்டது. அவன் வருத்தப்படவில்லை. கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை அவனே திரையில் பார்க்க விரும்பவில்லை.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை அவன் நாசி லெமாக் வாங்கப் போனபோது பாக்கியலட்சுமியின் முன்னால் கூட்டம் இரண்டு மடங்காக இருந்தது. பாதிப் பேர் சாப்பிட வந்தவர்கள் இல்லை. கோயில் சந்து ஓரமாக ஓடும் லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, அதற்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க வந்தவர்கள்.

"நான் சோறு விக்கிறவ" என்று பாக்கியலட்சுமி மலாயில் கத்தினாள்.

"ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கே" என்றார்கள்.

கலியாணசுந்தரத்தைக் கண்டதும் அவள் அகப்பையை அவன் பக்கம் நீட்டினாள். "இந்த ஆளுதான் என் பேரைப் போட்டான். அடிக், வா. உன் வேனை எடு. இப்ப எந்த ஆபீசுக்குப் போகணுமோ அங்க போவோம்."

"மனு இல்லாம போனா ஒண்ணும் நடக்காது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஏகாம்பரம். குடையை மடக்கிக்கொண்டே முன்னால் வந்தார். "ஆபீஸ் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். நான் எழுதித் தர்றேன்."

பக்கத்துக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். லோங்காங்கின் நீளம், அகலம், சரிவு, அடைத்த இடம், காரணம் (விழுந்த தென்னை மட்டைகளும் ஒரு பழைய மெத்தையும்) எல்லாம் அதில் இருந்தது. கீழே பாக்கியலட்சுமியின் கைநாட்டு. அதற்கும் கீழே, 'தோல்வியுற்ற வேட்பாளர்' என்று போட்டுத் தன் கையெழுத்து.

நகராட்சி அலுவலகத்துக் குமாஸ்தா வாசலில் வந்து நின்ற அரசாங்க வேனைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கிய கெபாயாக்காரியையும் குடைக்காரரையும் பார்த்தார். மனுவைப் படித்தார். இரண்டாவது தடவை படித்தார்.

"இதை முன்னாலேயே எழுதிக் குடுத்திருக்கலாமே. யாரும் எழுதித் தரலியே" என்றார்.

"இப்பத்தான் தேர்தல் நடந்தது" என்றார் ஏகாம்பரம், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

மூன்றாம் நாள் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கத்துத் தெங்கேரா பகுதியில் இரண்டு தெருக்காட்சி எடுக்கப் போயிருந்த சங்கரன், கேமராவில் கொஞ்சம் பிலிம் மீதி இருந்ததால், திரும்பி வரும் வழியில் இதையும் எடுத்துவைத்தார். 'சுத்தமான சாக்கடை, சுகமான வாழ்வு' என்று அடுத்த படத்துக்கு உதவும் என்று அவர் கணக்கு. ஏகாம்பரம் கரையில் நின்று, எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று குடையால் காட்டிக்கொண்டிருந்தார். கூலியாட்களும் ஏனோ அவர் சொன்னபடியே வெட்டினார்கள். மூடுவதை மட்டும் பார்த்திருந்த தெருக்காரர்கள், அவர் ஒன்றைத் திறந்துவிடுவதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். யாரோ அவருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

கலியாணசுந்தரம் வெள்ளிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சாரதாம்பாள் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அந்த ரெண்டாவது ஓட்டு" என்றாள் தாழ்ந்த குரலில். "அது நான் போடல."

"அப்படியா அக்கா?"

"விஜயாகிட்ட கேட்டேன். அவளும் இல்ல. என் தம்பியும் இல்ல, பையனும் இல்ல."

அவன் செம்பைத் திருப்பிக் கொடுத்தான். "ரகசியம்லா அக்கா."

சாரதாம்பாள் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். "யாரோ நல்ல மனுஷன்" என்றாள். "மூணு நாளா காலையில எனக்கும் சேர்த்து அவரே கோப்பி கலக்குறாரு. சீனி அதிகமாத்தான் போடறாரு. குடிச்சிடறேன்."

"கலியாணம், வெளிச்சம் எங்க போகுது?" என்று சங்கரன் கத்தினார்.

அவன் பலகையைத் திருப்பினான். வெயில் சேற்றுத் தண்ணீர்மேல் போய் விழுந்தது. பழைய மெத்தை பிய்ந்து வெளியே வந்த நிமிடத்தில் தண்ணீர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. லிம் அதைத் தவறவிடவில்லை.